கடல் கடந்து கற்க வந்தோரும் நம் கிழக்குக் கரையும்

புண்ணியத் தலங்களை நாடிக் கல்வியின்பொருட்டுப் பயணஞ் செய்தல் புதிய வழக்கமன்று. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சீன தேசத்துப் பிக்குவாகிய பாகியான் அநுராதபுரத்தில் ஈராண்டு தங்கி, தம் நாட்டிற் கிடைத்தற்கரிய விநய நூல்களைப் பிரதிசெய்து எடுத்துக்கொண்டு கப்பலேறினார். இரு நூற்றாண்டு கழித்து வந்த யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரையில் வந்தும், ஈழத்திற் கலகம் என்று கேள்வியுற்றுக் கடல் கடவாமலே திரும்பினார். 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ தேசத்து இபுனு பதூதா புத்தளக் கரையில் இறங்கிச் சிவனொளிபாத மலைக்குச் செல்ல விரும்பியபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் கொடுத்து, யோகிகளையும் அந்தணரையும் வழித்துணையாக அனுப்பிவைத்தான். இந்து அரசன் ஒருவன் இஸ்லாமிய அறிஞர் ஒருவரைப் பௌத்தரும் வணங்கும் மலைக்கு அனுப்பிய இந்தச் செய்தியை இபுனு பதூதா எழுதிவைத்திராவிடின் நாம் அறிந்திருக்க மாட்டோம். வந்தவன் எழுதுகிறான், இருப்பவன் மறந்துவிடுகிறான். நம் நாட்டுச் சரித்திரத்தில் இது பலமுறை நிகழ்ந்த கதை.

இக்காலத்திலே அந்தப் பழைய யாத்திரை, பல்கலைக்கழகங்களின் கல்வித் திட்டமாக உருமாறியிருக்கிறது. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகத்து ஆசிரியரான கிர்க்பிறைட் என்பவர் எட்டு மாணாக்கரை அழைத்துக்கொண்டு பிரான்சு தேசத்துக்குக் கப்பலேறியதே இதன் தொடக்கம் என்பர். மொழி கற்பதே அன்று நோக்கம். பின்னாளில் சமயம் கற்க விரும்பியோர் கீழ்நாடுகளை நோக்கினர். விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் காசியிலும் மதுரையிலும் மாணாக்கரை ஓராண்டு தங்கவைத்துப் படிப்பித்தது. 1961இல் தோன்றிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் மதுரையிலே கோடை விடுமுறைத் தமிழ் வகுப்புகளை நடத்திற்று. நம் இலங்கையில், 1982 முதல் அமெரிக்கக் கல்லூரிகள் சில ஒன்றுகூடிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு கண்டியில் ஒரு கல்வித் திட்டத்தை நடத்தின. போடோயின் கல்லூரிப் பேராசிரியர் ஜோன் ஹோல்ட் அதன் முன்னோடிகளுள் ஒருவர். கண்டி தலதா மாளிகையின் நகரமாதலால், பௌத்தக் கல்வி அங்கே சிறப்பிடம் பெற்றது இயல்பே.

காசி, மதுரை, கண்டி என்று ஊர்களை எண்ணும்போது, நம் கரையை எவரும் நாடவில்லையோ என்று வாசகர் கேட்கலாம். பெரியநீலாவணை தொடங்கித் திருக்கோவில் வரையுள்ள இந்தக் கரையில் வானளாவிய பழங்கோபுரம் இல்லை. சித்திரக் குகை இல்லை. உல்லாசப் பயணிகளின் கைந்நூல்களோ அறுகம்குடாவின் அலைகளைப் பற்றி மட்டுமே பேசும். ஆயினும் மதுரையிற் படிக்கும் மாணாக்கனுக்கு அரைக் கதையே கிடைக்கிறது என்பதை இக்கரையிற் பிறந்த நாம் துணிந்து சொல்லலாம். கண்ணகி மதுரையை எரித்ததோடு அங்கே கதை முடிகிறது. எரித்தவளின் கோபத்தை ஆண்டுதோறும் வேப்பிலையும் மஞ்சள்நீரும் கொண்டு தணிக்கும் திருக்குளிர்த்திச் சடங்கு நடப்பது காரைதீவிலும் தம்பிலுவிலிலும் பட்டிமேட்டிலும் அன்றோ? அதுவும் வைகாசி மாதத்திலே, மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறைக்குக் கதவடைத்து, அவற்றின் மாணாக்கர் மதுரைக்குப் பெட்டி கட்டும் நாட்களிலேயே நடக்கிறது. அடுத்து வரும் ஆடியில், கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் இதே கரைவழியாகத் திருக்கோவில், பொத்துவில், உகந்தை, குமணக் காடு என்று நடந்து போகிறது. அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் 1972இல் அந்த யாத்திரிகரோடு நடந்தார். போரினால் நலிவுற்றிருந்த யாத்திரையை 1988 முதல் மீண்டும் நடத்த முன்னின்றோரில் அவரும் ஒருவர்.

நிற்க. திட்டமென்று ஒன்று நம் கரையில் அமையாவிடினும், தனித்தனியே வந்து தங்கிக் கற்றவர் உண்டு. 1950களின் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த துருக்கி நாட்டு அறிஞர் நூர் யல்மன், பாணமை வரையில் வந்து ஆராய்ந்து, 1967இல் வெளியான தம் நூலில் கிழக்குக் கரையின் உறவுமுறைகளைப் பற்றியும் எழுதினார். அவருக்குப் பின் வந்தவரே நம் கட்டுரையின் நாயகர் எனலாம். சிக்காகோப் பல்கலைக்கழக மாணாக்கராக டெனிஸ் மக்கில்வ்றே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வீதிகளில் வாழும் அவ்வூரில் ஏறத்தாழ ஈராண்டு தங்கி, தமிழிற் பேசப் பழகி, 1974இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வை நிறைவுசெய்தார். பின்னர் கொலறாடோப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகியும் அவர் இக்கரையை விட்டுவிடவில்லை; மீண்டும் மீண்டும் வந்தார். 2008இல் வெளியான அவருடைய பெருநூலுக்கு, முதல் வருகையிலிருந்து கணக்கிட்டால், ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைப்பு.

அவர் இங்கே கண்டது யாது? கோயிலுக்கு முன் அவர் கண்ணிற் பட்டது வீடு. நம் கரையில் மணமகன் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். மனைவி கணவன் வீட்டுக்குப் போவதில்லை. பெண் பிறந்தால் தகப்பன் வீடு கட்ட எண்ணுகிறான். மூத்த மகளுக்கு மணமானதும் இருந்த வீட்டை அவளுக்கே சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் வளவின் மூலையில் ஒரு சிறு குடிலுக்கு ஒதுங்குவதும் உண்டு. இஃது இந்துக்களிடத்தில் எப்படியோ அப்படியே முஸ்லிம்களிடத்திலும். ஷரீஅத்துப் பாகப்பிரிவினைப்படி ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று நூல் சொல்ல, வாப்பா உயிரோடிருக்கும்போதே வீடும் வயலும் மகள் பெயருக்குப் போய்விடுகின்றன; பங்கிடுவதற்கு மிஞ்சுவது சொற்பமே. நாம் இதை நாள்தோறும் காண்கிறோம். கண்டும் இது சரித்திரம் என்று நினைப்பதில்லை.

வீட்டுக்கு அடுத்தது குடி. கலிங்கா குடி, உலகிப்போடி குடி, பணிக்கனா குடி, படையாட்சி குடி என்று நாம் சொல்லும் குடிகள் தாய்வழியே வருவன. தகப்பன் எந்தக் குடியானாலும் பிள்ளை தாயின் குடி. ஒரே குடியில் ஆணும் பெண்ணும் மணம் செய்தல் ஆகாது. கோயிலிலே ஒவ்வொரு குடிக்கும் ஒரு திருவிழா, அதற்கு ஒரு வண்ணக்கர். முன்னாளில் பள்ளிவாசலிலும் ஒவ்வொரு குடிக்கு ஒரு மரைக்கார். பெயர் வேறு, ஒழுங்கு ஒன்று. குடிப்பெயர்களிற்கூடச் சில இரு சமூகத்துக்கும் பொதுவாயுள்ளன. யாழ்ப்பாணத்துத் தமிழரிடம் இந்தக் குடியொழுங்கு இல்லை. இதனை ஒத்தது காண வேண்டுமாயின் மலையாளக் கரைக்குப் போக வேண்டும். அங்கே கண்ணூர்ப் பக்கத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிடத்தே தாய்வழித் தறவாடு இருந்தது. ஆகவே நம் முன்னோரின் கடல்வழித் தொடர்புகள் எந்தத் திசையை நோக்கின என்பதற்கு இந்தக் குடிமுறையும் ஒரு சாட்சி.

வெள்ளைக்காரன் ஆட்சியில் இவ்வழக்கத்துக்குச் சட்டத்திலே இருந்த இடம் போயிற்று. முக்குவர் சட்டம் எனப்பட்ட நம் பழைய உரிமைமுறையைக் கிறிஸ்தோப்பர் பிறிற்றோ என்னும் வழக்கறிஞர் 1876இல் ஆங்கிலத்தில் நூலாகத் தொகுத்தார். அதே 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேறு வாரிசுமுறையைக் கொண்டுவர, முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. சட்டம் அச்சேறிய ஆண்டே அதன் இறுதியாண்டும் ஆயிற்று! நீதிமன்றத்திலே இறந்த வழக்கம் சீதனமாக வீட்டிலே பிழைத்துக்கொண்டது. அப்படிப் பிழைத்த கதையைத்தான் அந்த அமெரிக்க மாணாக்கர் அக்கரைப்பற்றுத் திண்ணைகளில் அமர்ந்து கேட்டெழுதினார்.

கோயில்களையும் அவர் விட்டுவிடவில்லை. சடங்கிலே அம்மனைக் குளிர்விப்பதும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைப்பதும், மாம்பழம் சூடு, வெள்ளரிக்காய் குளிர்ச்சி என்று அடுக்களையிற் சொல்வதும் ஒரே எண்ணத்தின் கிளைகள் என்று விளக்கும் அவருடைய சிறு நூல் 1998இல் வந்தது. நாம் பத்தியமென்று எண்ணாமலே பின்பற்றுவது ஒரு தத்துவமாகத் தோன்றும்போது சற்று நாணமும் சற்றுப் பெருமையும் உண்டாகின்றன. அவ்வாறே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றிக் கந்தூரி கொடுக்கும் விழாவையும் அவர் ஆராய்ந்தார். நாகூரிலே கொடியேறும் ஜமாதுல் ஆகிர் மாதத்திலேயே இங்கும் கொடியேறுகிறது. கொடியேற்றம் என்ற சொல் கோயிலுக்கும் பள்ளிக்கும் பொதுவென்பதை இவ்வூர்க் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் எழுதியதனைத்தும் நமக்கு இனிக்கும் என்று சொல்லவில்லை. சாதியேணியைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் நம்மிற் சிலருக்குக் கசக்கும். மருந்தும் கசப்பதுண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு முன்பே இத்துறையில் நம்மவர் உழைத்திருக்கின்றனர். எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் 1962இலும், பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இலும் வெளிவந்தன. கடல் கடந்து வந்தவர்களுக்கு வழிகாட்டிய விளக்குகளுள் இவையும் உண்டு. அதே காலத்திற் பேராதனைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்துகளைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றி, கிராமத்து அண்ணாவிமாருக்குப் படித்தவர் சபையில் மதிப்புத் தேடித் தந்தார். இவர்கள் எல்லாருக்கும் முந்தியவர் காரைதீவிற் பிறந்து, கல்முனையிற் பள்ளிப் படிப்புப் படித்த சுவாமி விபுலாநந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராயிருந்த அவர், பழைய இசைக் கருவியொன்றின் இலக்கணத்தைத் தேடித் தமிழகத்துக் கல்வெட்டுகள் வரையில் அலைந்து, 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். கடல் கடந்து கற்றல் நம்மவர்க்கும் உரியது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

போர் வந்தது. வந்தவர்களின் வரவு குறைந்தது. இருந்தவர்களின் உறவும் குலைந்தது. 1985 ஏப்ரலிற் காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் சொல்ல நம்மில் எத்தனைபேர் பழகியிருக்கிறோம்? மக்கில்வ்றே 1990களில் மீண்டும் அக்கரைப்பற்றுக்கு வந்து பார்த்து, 1997இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, இது பிளவா தொடர்ச்சியா என்று வினாவினார். கல்முனைப் பிரதேச செயலகப் பிரிவு பற்றிய பிணக்கு 2019இல் உண்ணாவிரதம் வரை சென்றதை எண்ணினால், அவ்வினா பழையதாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

அந்தக் கொடிய ஆண்டுகளில் வந்த மற்றொருவர் பற்றிஷியா லோறன்ஸ். கொலறாடோவில் மக்கில்வ்றேயின் பல்கலைக்கழகத்திலே பயின்ற இவ்வம்மையார், மட்டக்களப்பின் அம்மன் கோயில்களிற் தெய்வமேறி வாக்குச் சொல்வோரிடம் அமர்ந்து கேட்டார். மகனைக் காணாத தாய், அவன் உயிரோடிருக்கிறானா என்று எந்த அலுவலகத்திலும் வாய்திறந்து கேட்க முடியாத காலம். அம்மன் சந்நிதியில் மட்டுமே அக்கேள்வியைக் கேட்கலாம். அங்கே பதிலும் கிடைத்தது. அழவும் இடம் கிடைத்தது. அச்சத்தினால் ஊரே ஊமையாகியிருந்தபோது கோயிலே பேசியது என்பதை அவர் 1997இல் நிறைவுசெய்த ஆய்வில் எழுதினார். நமது தாய்மார் அழுததைப் பல்கலைக்கழக ஆய்வாக ஏற்கலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அந்நாட்களில் நம் பத்திரிகைகளில் அச்சேற முடியாதிருந்தது அங்கே பதிவாயிற்று என்ற அளவில் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிறகு 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே அலையில் அடிபட்டன. உதவி வந்தது, உதவியோடு படிவங்களும் வந்தன. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று ஓர் அறிவிப்பு. வேறிடத்திலே புதுவீடு பெற ஒரு விண்ணப்பம். அதிலே குடும்பத் தலைவர் பெயர் என்று ஒரு கட்டம். நாடெங்கும் அக்கட்டத்தில் ஆண்பெயர் எழுதுவதே அலுவலக வழக்கம். நம் கரையிலே அலை கொண்டுபோன வீடு யாருடையது? பெரும்பாலும் மனைவியுடையது, அவளுக்கு அவள் தாயிடமிருந்து வந்தது, அவள் மகளுக்குப் போக வேண்டியது. கட்டத்திலே கணவன் பெயர் விழுந்தால் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் கையிலிருந்த வீடு ஒரே பேனாக் கீற்றில் கைமாறிவிடும். மூன்று பெண்பிள்ளைகளை வைத்திருந்த தகப்பனோ, தந்தது ஒரு வீடுதானே, மற்ற இருவருக்கும் எங்கே போவேன் என்று ஏங்கினான். படிவம் வரைந்தவர்களுக்கு இந்த ஏக்கம் விளங்கவில்லை. அவர்கள் கல்நெஞ்சராயிருந்தார்கள் என்பதன்று, இவ்வழக்கத்தை அவர்கள் கேள்விப்பட்டதேயில்லை.

மக்கில்வ்றேயும் லோறன்ஸும் சேர்ந்து, சீதன வீட்டைப் பற்றிய இந்த ஏக்கத்தையே பொருளாகக் கொண்டு, 2010இல் வெளியான சுனாமி மீட்சி பற்றிய ஆங்கிலத் தொகுப்பொன்றில் எழுதினர். அக்கரைப்பற்றுத் திண்ணையில் 1969இல் ஒரு மாணாக்கன் குறித்துக்கொண்ட குடும்பவிபரம், முப்பத்தைந்து ஆண்டு கழிந்து வீடிழந்தோரின் உரிமையைப் பேசுவதற்கு ஆதாரமாயிற்று. இதே விபரம் நம்மவர் கையாலும் தமிழில் எழுதப்பட்டு, கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் ஒவ்வொரு மேசையிலும் இருந்திருந்தால், அந்தக் கட்டத்தை எவ்வாறு நிரப்புவதென்று அலை வந்த மறுவாரமே கேட்டிருக்கலாம். எழுதாத வழக்கத்துக்கு அலுவலகத்தில் நாற்காலி கிடையாது.

எனவே நம் மன்றத்து வாலிபர்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். வெளிநாட்டுத் திட்டம் நமக்கு வாய்க்க வேண்டுமென்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒலுவிலிலே 1995இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நம் வாசலிலேயே இருக்கிறது. அங்கே படிக்கும் முஸ்லிம் மாணாக்கர் நம் அயலூர்ப் பிள்ளைகளே. விடுமுறையில் இரு சமூகத்து மாணாக்கரும் சிலர் சேர்ந்து வடக்கிலிருந்து தெற்காக இக்கரையை ஊரூராய் நடந்து பார்க்கலாம். மருதமுனையில் தறிச் சத்தம், பாண்டிருப்பில் பதினெட்டு நாளும் பாரதக் கதையை நடத்தித் தீமிதிப்போடு முடிக்கும் திரௌபதை அம்மன் கோயில், கல்முனைக்குடியிற் கடற்கரைப் பள்ளி, காரைதீவிலே கண்ணகி, நிந்தவூர் வயல், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில். கையிலே ஒரு கொப்பி போதும். வைகாசிச் சடங்குக்கு முஸ்லிம் மாணாக்கனும், கந்தூரிக்கு இந்து மாணாக்கனும் வந்து தூரத்தில் நின்று பார்த்தாலும் குற்றமில்லை. பார்த்ததை எழுதினாற் சரி.

எங்கே தொடங்குவது என்று கேட்போருக்கு ஒரு யோசனை. குடிவிபரத்தை வண்ணக்கரும் மரைக்காரும் சபையிற் சொல்வார்கள். ஆயினும் எந்த வீடு எந்த ஆண்டில் யாருக்குச் சீதனமாகப் போயிற்று, எந்தக் குடியில் எந்தக் குடி பெண்ணெடுத்தது, 1985இல் யார் யாரை வீட்டுக்குள் ஒளித்துவைத்தார் என்பவற்றை அறிந்தவர்கள் வீட்டிலிருக்கும் முதிய பெண்களே. நம் பிள்ளைகள் அவர்களை அம்மம்மா என்பார்கள். அடுத்த வீதிப் பிள்ளைகள் உம்மம்மா என்பார்கள். வயது எண்பதைக் கடந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பின்னேரங்களில் வெயில் தாழ்ந்தபின் அவர்களுக்குப் பேசப் பிடிக்கும்.